கல்லாவில் அடுத்து யார்?



முன்பெல்லாம் கடைக்காரர் இருவர் சந்தித்தால் விலைவாசி பேசுவோம், வரி பேசுவோம். இப்போது முதலில் வருகிற கேள்வி, "பையன் கடைக்கு வருகிறானா?" என்பதுதான். பதில் பெரும்பாலும் ஒரு பெருமூச்சு. ஜெர்மனியில் எஸ்ஸன் நகரத்து க்ரூப் குடும்பத்தின் வம்சாவளியைப் படித்தபோது, இந்தக் கவலை நமக்கு மட்டும் உரியதல்ல என்று தெரிந்துகொண்டோம்.

க்ரூப் என்றால் பீரங்கி, எஃகு என்றே உலகம் அறியும். நம் நாட்டின் ரூர்கேலா எஃகு ஆலையை அமைத்ததில் பங்கு கொண்டதும் அந்தக் கம்பெனிதான். ஆனால் அவர்களின் தொடக்கம் ஆலையல்ல, வியாபாரம். 1587இல் எஸ்ஸன் வணிகர் சங்கத்துப் பதிவேட்டில் ஆர்ண்ட் க்ரூப் என்ற பெயர் ஏறியது. நம்மைப் போல் சங்கத்தில் சேர்ந்த ஒரு வியாபாரி, அவ்வளவுதான்.

அவர் வழியில் வந்த ஒருவரின் மனைவி ஹெலனே அமாலி. 1757இல் இளம் வயதிலேயே கணவனை இழந்தார். கடையை மூடவில்லை. காபி முதலிய மளிகைச் சரக்கு விற்று, கணக்கைத் தானே பார்த்து, சொத்தைப் பெருக்கினார். கடன் வாங்கியவர் கட்ட முடியாமல் போனபோது அவருடைய இரும்பு ஆலையே அம்மையாரின் கைக்கு வந்தது. இரும்புத் தொழிலில் க்ரூப் குடும்பம் கால் வைத்தது இப்படித்தான்.

பேரன் ஃப்ரீட்ரிக், பாட்டி மறைந்த மறு ஆண்டு, 1811இல், எஃகு வார்ப்பு ஆலை தொடங்கினார். சேர்த்து வைத்த செல்வம் அதிலேயே கரைந்தது. 1826இல் 39 வயதில் கடனோடு கண்ணை மூடினார். மிஞ்சியது விரல்விட்டு எண்ணத்தக்க தொழிலாளர்களும், 14 வயது மகன் ஆல்ஃப்ரெட்டும்தான். இந்த முறையும் தொழிலைத் தாங்கியவர் ஒரு விதவைதான், தாயார் தெரேசே. ஆல்ஃப்ரெட் ரயில் சக்கரங்களுக்கு ஒட்டில்லாத எஃகு வளையம் செய்து பெரும் பொருள் ஈட்டினார். 1887இல் அவர் இறந்தபோது ஆலையில் சுமார் 20,000 பேர் வேலை செய்தார்கள்.

சொத்தைப் பிரிக்கக் கூடாது, ஒரே வாரிசிடம் முழுதாகப் போக வேண்டும் என்பது அந்தக் குடும்பத்தின் விதி. 1902இல் ஆண் வாரிசு இல்லாமல் போனபோது மூத்த மகள் பெர்த்தாவுக்கு ஆலை வந்தது. 1906இல் அவர் குஸ்டாவ் என்பவரை மணந்தார். மன்னரின் அனுமதியோடு மாப்பிள்ளையே க்ரூப் என்ற பெயரைச் சூட்டிக்கொண்டார்! பெயரைக் காக்க அவ்வளவு பாடு.

ஆனால் பெயரை மட்டும் காத்தால் போதுமா? 1943இல் ஹிட்லர் அந்தக் குடும்பத்துக்காகவே ஒரு தனிச் சட்டம் போட்டு, பெர்த்தாவின் மூத்த மகன் ஆல்ஃப்ரீட்டை முழு உரிமையாளர் ஆக்கினார். சிறை முகாம்களில் இருந்தவர்களையும் பிற நாட்டாரையும் அந்த ஆலைகள் கட்டாய வேலை வாங்கின. அந்தக் குற்றத்துக்காக 1948இல் நியூரம்பர்க்கில் அவருக்கு 12 ஆண்டு சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. 1951இல் விடுதலையாகிச் சொத்தையும் திரும்பப் பெற்றார். ஆனாலும் பேரேட்டில் ஏறிய அந்தப் பழி இன்றுவரை அடிபடவில்லை.

அவருக்கு ஒரே மகன். பெயர் ஆர்ண்ட், முதல் முன்னோரின் பெயரேதான். மகனுக்குத் தொழிலில் நாட்டமில்லை. தந்தை வற்புறுத்தவில்லை. 1966இல் மகன் வாரிசு உரிமையை விட்டுக்கொடுத்து, ஆண்டுத் தொகை பெற்றுக்கொள்ள இசைந்தார். மறு ஆண்டு ஆல்ஃப்ரீட் இறந்தார். சொத்து முழுவதும் ஓர் அறக்கட்டளைக்குப் போனது. க்ரூப் என்ற பெயரைத் தாங்கிய கடைசி மனிதர் அவரே. 1999இல் கம்பெனி தைசனோடு இணைந்த பிறகும் அந்த அறக்கட்டளையே மிகப் பெரிய பங்குதாரராக இருக்கிறது.

இதில் நமக்கு என்ன இருக்கிறது என்று கேட்கலாம். எங்கள் மண்டியிலேயே இருக்கிறது. எங்கள் மகன் படித்து வேறு வேலைக்குப் போய்விட்டான். பல நாள் கோபித்துக்கொண்டோம். இன்றுவரை உயில் எழுதவில்லை. வீட்டு அம்மாவுக்கு எந்த ஊரில் எவ்வளவு பாக்கி நிற்கிறது என்று தெரியாது. நாளைக்கே நமக்கு ஒன்று ஆனால் அவர் யாரைக் கேட்பார்? தெரேசேவும் ஹெலனே அமாலியும் கணக்கு அறியாதவர்களாக இருந்திருந்தால் க்ரூப் என்ற பெயரை உலகம் கேள்விப்பட்டே இருக்காது.

கடையைக் காப்பது ரத்தம் அல்ல, உயிரோடு இருக்கும்போதே செய்து வைக்கும் ஏற்பாடு. வர விரும்பாத பிள்ளையை இழுத்து வந்து கல்லாவில் உட்கார வைக்க வேண்டாம். விரும்புகிற மகளோ, மருமகனோ, நம்மோடு இருபது வருஷம் உழைத்த கடைப் பையனோ இருந்தால் அவர்களைத் தயார் செய்வோம். பாக்கிக் கணக்கை வீட்டில் எடுத்துச் சொல்வோம். உயிலை எழுதுவோம்.

இந்த மாதம் நாங்கள் வக்கீலிடம் போகிறோம். நீங்களும் போய் வாருங்கள்.