சக்கரம் கொடியில், கயிறு யார் கையில்?

தேசியக் கொடி என்றதும் மூன்று நிறங்களைப் பற்றித்தான் பேசுகிறோம். நடுவில் இருக்கும் சக்கரத்தைப் பற்றிப் பேசுவது குறைவு.

1921இல் காந்தி முன்வைத்த கொடியில் நிறங்கள் மதங்களைக் குறித்தன. 1931இல் காவி, வெள்ளை, பச்சைக் கொடியை ஏற்ற காங்கிரஸ், நிறங்களுக்கு மதப் பொருள் இல்லை என்றது. நடுவில் இராட்டை இருந்தது. 1947 ஜூனில் இராஜேந்திர பிரசாத் தலைமையில் அமைந்த கொடிக் குழுவில் அண்ணல் அம்பேத்கரும் ஓர் உறுப்பினர். ஜூலை 22 அன்று அரசியல் நிர்ணய சபை ஏற்ற கொடியில், இராட்டையின் இடத்துக்கு சாரநாத் அசோகத் தூணின் 24 ஆரச் சக்கரம் வந்தது. அது பௌத்தத்தின் அறச்சக்கரம். பிறப்பால் எவரும் உயர்ந்தவரல்லர் என்ற புத்தரின் வழியைத்தான் 1956 அக்டோபர் 14 அன்று நாக்பூரில் அம்பேத்கர் இலட்சக்கணக்கான மக்களோடு தழுவினார்.

அந்தச் சக்கரம் பொறித்த கொடியை ஏற்ற விடாமல், 2020 சுதந்திர நாளில் திருவள்ளூர் மாவட்டம் ஆத்துப்பாக்கத்தில் பட்டியல் சமூகத்தைச் சேர்ந்த பெண் ஊராட்சித் தலைவர் தடுக்கப்பட்டார். செய்தி வெளியே வந்த பிறகு, சில நாள் கழித்து மாவட்ட ஆட்சியர் முன்னிலையில்தான் அவரால் கொடியேற்ற முடிந்தது. 2022 ஆகஸ்டில், பட்டியல் சமூக ஊராட்சித் தலைவர்கள் தடையின்றிக் கொடியேற்றுவதை உறுதிசெய்யுமாறு ஆட்சியர்களுக்குத் தலைமைச் செயலாளரே கடிதம் எழுத வேண்டியிருந்தது.

"கொடியேற்றுவது வெறும் சடங்கு, இதற்கா போராட்டம்?" என்று நம் தோழர்கள் சிலரே கேட்கிறார்கள். தடுப்பவர்களுக்கு அது வெறும் சடங்காகத் தெரியவில்லையே! சேரியிலிருந்து வந்த ஒரு பெண் கயிற்றை இழுக்க, ஊரே நின்று வணக்கம் செலுத்த வேண்டும். அந்த ஒரு நிமிடத்தைக்கூடச் சாதியால் பொறுக்க முடியவில்லை. கொடிக்கயிற்றையே விடாதவர்கள், காசோலையில் கையெழுத்துப் போடவும் தலைவர் நாற்காலியில் உட்காரவும் விடுவார்களா?

ஊராட்சித் தலைவரை அவருடைய பணியைச் செய்யவிடாமல் தடுப்பது, வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 3(1)(எம்) பிரிவின்படி குற்றம். சட்டம் இருந்தாலும் புகார் கொடுக்க அவருக்குப் பக்கத்தில் ஆள் வேண்டும். குடியரசு நாளிலும் சுதந்திர நாளிலும் கிராம சபையும் கூடுகிறது. வாட்ஸ்அப்பில் கொடிப்படம் வைப்பதோடு நிறுத்தாமல், அன்று உங்கள் ஊராட்சி அலுவலகத்துக்குப் போங்கள். கயிறு யார் கையில் இருக்கிறது என்று பாருங்கள். தலைவர் ஓரமாக நிற்க வைக்கப்பட்டிருந்தால், அங்கேயே கேள்வி கேளுங்கள்.