உரிய நடவடிக்கைக்காக...

பேப்பரில் ஏதாவது ஒரு மூலையில் அவ்வப்போது ஒரு குட்டிச் செய்தி வரும். இன்ன நாட்டு நீதிபதிகள் இன்ன நாட்டுக்குப் போய், நிர்வாக நீதிமன்றங்கள் எப்படி நடக்கின்றன என்று பார்த்தார்கள், பயிற்சி பெற்றார்கள் என்று. கூடவே ஒரு குரூப் போட்டோ. எல்லோரும் கோட்டு, எல்லோரும் புன்னகை.

பக்கத்து சீட் நண்பர் அதைப் படித்துவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். ஏதோ தாக்கப் போகிறார் என்று அர்த்தம்.

"ஜட்ஜுக்கே டிரெயினிங்கா ஸார்? அதுக்கு ஃபாரின் வேற! நம்ம ஆபீஸ்ல ஒரு ஃபைல் எப்படி நகருதுன்னு நான் சொல்லித் தரேன். டீ, வடை போதும். பிளேன் டிக்கெட் வேண்டாம்."

நானும் சிரித்திருப்பேன். ஆனால் எனக்கு ஒரு எழுபத்தைந்து ரூபாய் கதை இருக்கிறது.

வேலைக்குச் சேர்ந்த புதிது. எல்லோருக்கும் இன்கிரிமென்ட் வந்தது, எனக்கு மட்டும் வரவில்லை. மாதம் எழுபத்தைந்து ரூபாய். இன்றைக்கு ஒரு தோசைக்குக் காணாது, அன்றைக்கு எனக்கு அது பாதி மாதத்து பஸ், காபி. எங்கள் சூப்பிரண்ட் என் சர்வீஸ் ரிஜிஸ்டரில் பதிய மறந்துவிட்டார். மூன்று தடவை நேரில் கேட்டேன். "பார்க்கலாம் தம்பி" என்றார், மூன்று தடவையும்.

ரோஷம் வந்து மேலதிகாரிக்கு மனு எழுதினேன். இரண்டு பக்கம், பாயிண்ட் பாயிண்டாக. மனு மேலே போனது. பச்சை மையில் ஒரு வரியைச் சுமந்துகொண்டு கீழே வந்தது: 'உரிய நடவடிக்கைக்காக'. யாருக்கு? என் சூப்பிரண்டுக்கு!

அவர் கோபப்படவில்லை. அதுதான் வேதனை. என்னைக் கூப்பிட்டு அருகில் உட்கார வைத்து, "தம்பி, என்னைப் பத்தி ஒரு மனு வந்திருக்கு. பதில் போடணும். செக்‌ஷன்லயே உங்க டிராஃப்ட்தான் நல்லா இருக்கும், கொஞ்சம் எழுதிக் கொடுங்களேன்" என்றார்.

எழுதிக் கொடுத்தேன், ஸார். என் மனுவை நானே நிராகரித்தேன். 'மனுதாரரின் கோரிக்கை விதிகளின்படி ஏற்கத்தக்கதல்ல.' கார்பன் காப்பி இன்னும் என்னிடம் இருக்கிறது. நல்ல டிராஃப்ட்தான்.

யார்மீது புகாரோ அவரே நீதிபதி. இது எங்கள் ஆபீஸ் கண்டுபிடிப்பு என்று ரொம்ப நாள் நினைத்திருந்தேன். இல்லை. பிரான்ஸ் தேசத்தில் ஏறக்குறைய நூறு வருஷம் இதுதான் முறை.

1790-ல் புரட்சிக்காரர்கள் அங்கே ஒரு சட்டம் போட்டார்கள். சாதாரண நீதிமன்றங்கள் அரசு நிர்வாகத்தில் மூக்கை நுழைக்கக் கூடாது என்று. ராஜா காலத்து நீதிபதிகள் எந்தச் சீர்திருத்தம் வந்தாலும் முட்டுக்கட்டை போட்டதில் அவ்வளவு எரிச்சல். சரி, அரசாங்கம் தப்புப் பண்ணினால் எங்கே போவது? சம்பந்தப்பட்ட மந்திரியிடமே போ என்றார்கள். பச்சை மை!

1799-ல் நெப்போலியன் 'கோன்ஸேய் தேத்தா' என்ற அரசு ஆலோசனை மன்றத்தை ஏற்படுத்தினார். மந்திரி கைவிட்டால் அங்கே போகலாம். ஆனால் மன்றம் யோசனைதான் சொல்லும், கையெழுத்துப் போடுவது நாட்டின் தலைவர். சொந்தமாகத் தீர்ப்புச் சொல்லும் அதிகாரம் அதற்கு நிலையாகக் கிடைத்தது 1872-ல்.

அதற்கு முந்தின வருஷம் போர்தோ நகரில் ஒரு விபத்து. அரசாங்கப் புகையிலைத் தொழிற்சாலையின் தள்ளுவண்டி மோதி, ஆன்யெஸ் பிளாங்கோ என்ற ஐந்து வயதுச் சிறுமியின் கால் போயிற்று. அப்பா கோர்ட்டுக்குப் போனார். எந்தக் கோர்ட் விசாரிப்பது என்பதிலேயே தகராறு. அதைத் தீர்க்க உட்கார்ந்த தனி மன்றத்தில் சரிக்குச் சரி ஓட்டு. கடைசி ஓட்டைப் போட்டவர் தலைமை வகித்த நீதித்துறை மந்திரி. 1873 பிப்ரவரி 8-ல் முடிவு வந்தது: அரசாங்கமும் பொறுப்பேற்க வேண்டியிருக்கும், ஆனால் அதற்குத் தனி விதி, தனி நீதிபதிகள். பிரான்ஸில் சட்டம் படிக்கும் பையன்கள் அத்தனை பேரும் அந்தக் குழந்தையின் பெயரை மனப்பாடம் செய்கிறார்கள்.

பச்சை மையை ஒழித்தவர் ஓர் உத்தியோகஸ்தர். நம்ம ஜாதி! மார்ஸேய் நகராட்சியில் சாலை, தண்ணீர் வேலைகளைக் கவனித்த கதோ என்ற இன்ஜினீயர். அவர் போஸ்டையே ஒழித்துவிட்டார்கள். நஷ்டஈடு கேட்டார். நகராட்சி கையை விரித்தது, மந்திரி 'இது என் வேலை இல்லை' என்றார். 1889 டிசம்பர் 13 அன்று கோன்ஸேய் தேத்தா சொன்னது: மந்திரியைச் சுற்ற வேண்டாம், நேராக எங்களிடம் வா. அன்றோடு மந்திரி-நீதிபதி கதை முடிந்தது. நான் வேலைக்குச் சேருவதற்கு நூறு வருஷம் முன்னாலேயே!

இங்கேதான் நண்பரின் கேள்வி வருகிறது. தனிக் கோர்ட் வைத்தாச்சு. டிரெயினிங் எதற்கு?

ஃபைல் எப்படிப்பட்ட பிராணி என்று உங்களுக்குத் தெரியும். அதில் எல்லாமே ஒழுங்காக இருக்கும், நியாயத்தைத் தவிர. என் நிராகரிப்பு டிராஃப்டை ஆபீஸ் வாசனையே தெரியாத ஒரு நீதிபதியிடம் காட்டியிருந்தால், 'விதி எண் சரி, தேதி சரி' என்று தள்ளுபடி செய்திருப்பார். ஆபீஸிலேயே ஊறிய ஒருவரிடம் காட்டியிருந்தால், 'அட, நம்மாளு' என்று தள்ளுபடி செய்திருப்பார். ஆபீஸைத் தெரிந்திருக்க வேண்டும், ஆபீஸின் ஆளாகவும் இருக்கக் கூடாது. இப்படி ஒரு மனிதர் தானாகப் பிறப்பதில்லை, தயார் செய்ய வேண்டும்.

அதனால் பிரான்ஸில் நிர்வாக நீதிபதிகளுக்குத் தனித் தேர்வு, தனிப் பயிற்சி. புதிதாகச் சேர்ந்தவருக்கு பாரிஸை ஒட்டிய மோன்த்ரேயில் ஆறு மாத வகுப்பு. பிறகு சர்வீஸில் கோர்ட்டை விட்டு வெளியே போய் நிர்வாக வேலையும் பார்த்துவிட்டு வர வேண்டும். ஜட்ஜ் ஐயாவும் கொஞ்ச காலம் மெமோ எழுதுவார் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த முறையை ஒரு மாணவர் பாரிஸில் கவனித்துப் படித்தார். பெயர் பிரீதி பனோம்யோங், ஊர் சயாம், அதாவது இன்றைய தாய்லாந்து. சட்டத்தில் டாக்டர் பட்டத்தோடு 1927-ல் ஊர் திரும்பினார். 1932-ல் அங்கே முழு முடியாட்சியை முடித்துவைத்த புரட்சியில் முக்கியப் புள்ளி. 1933-ல் சயாமிலும் ஓர் ஆலோசனை மன்றத்துக்குச் சட்டம் வந்தது. அது ஒருநாள் நிர்வாக நீதிமன்றமாக வேண்டும் என்பது அவர் ஆசை.

அந்த ஒருநாள் எப்போது வந்தது தெரியுமா? 2001 மார்ச் 9. அறுபத்தெட்டு வருஷம்! நடுவில் பிரீதி பிரதமரானார், பதவி விலகினார், ராணுவம் ஆட்சியைக் கவிழ்த்தது, நாட்டை விட்டுப் போனார், 1983-ல் பாரிஸ் பக்கத்திலேயே காலமானார். 1979-ல் அங்கே ஒரு புகார்க் குழு அமைத்தார்கள். அதுவும் யோசனை சொல்லும், உத்தரவு போடுவது பிரதமர். பிரான்ஸ் 1872-ல் தாண்டிய அதே வாய்க்கால். கடைசியில் 1997 அரசியல் சட்டமும் 1999 சட்டமும் சேர்ந்து கோர்ட்டைத் திறந்தன.

நீதிபதிகள் போய்வருவதில் என்ன லாபம் என்பது இந்தக் கோர்ட்டின் சின்னச் சின்ன வழக்கங்களில் தெரியும். வக்கீல் கட்டாயமில்லை. பணம் கேட்கும் வழக்கு தவிர மற்றவற்றுக்குப் பெரும்பாலும் கட்டணம் இல்லை. மனுவை ரிஜிஸ்தர் தபாலில் போட்டுவிடலாம். ஆவணத்தை நீ கொண்டுவா என்று குடிமகனை விரட்டாமல், நீதிபதியே ஆபீஸிடம் ஃபைலைக் கேட்டு வாங்குவார். தீர்ப்புக்கு முன்னால், அந்த பெஞ்சில் இல்லாத இன்னொரு நீதிபதி எழுந்து 'என் அபிப்பிராயம் இது' என்று பகிரங்கமாகச் சொல்வார்.

இந்தக் கடைசிப் பழக்கம் பிரான்ஸ் சரக்கு. அங்கே அவருக்கு 'அரசாங்கக் கமிஷனர்' என்று பெயர். வேடிக்கை, அவர் அரசாங்கத்துக்காகப் பேசுபவரே இல்லை! அபிப்பிராயம் சொல்லிவிட்டு, தீர்ப்பைத் தீர்மானிக்கும் மூடிய அறைக்குள்ளும் போய் உட்கார்ந்துகொள்வார். இது சரியல்ல என்று 2001-ல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் குட்டியது. 2009-ல் பெயரையே மாற்றினார்கள். ஆக, வாத்தியாருக்கும் வெளியூரிலிருந்து பாடம் வந்தது. உலகத்து உச்ச நிர்வாக நீதிமன்றங்களுக்கு 1983 முதல் ஒரு சங்கம் இருக்கிறது, தலைமையிடம் பாரிஸ். அதன் மாநாடு 2007-ல் பாங்காக்கில் நடந்தது. மாணவன் வீட்டில் வாத்தியாருக்கு விருந்து.

விருந்து கிடக்கட்டும், யாருக்காவது நீதி கிடைத்ததா என்பீர்கள்.

காஞ்சனபுரி மாகாணம் தெரியும். 1942-43-ல் சயாம் மரண ரயில் பாதை போடப் போய் நம் தமிழ்த் தொழிலாளர்கள் செத்து விழுந்த பக்கம். அங்கே கிளிட்டி என்றொரு ஓடை. கரையில் கரேன் பழங்குடி மக்கள். ஈயத் தாது பதப்படுத்தும் ஆலை கழிவை ஓடையில் விட்டது. அதே தண்ணீர், அதே மீன். ஈயம் ரத்தத்தில் ஏறியது. மாசுக் கட்டுப்பாட்டு இலாகாவுக்கு 1998-லேயே விஷயம் தெரியும். இலாகா 'பார்க்கலாம்' என்றது. இந்த வார்த்தையை நான் எங்கேயோ கேட்டிருக்கிறேன்.

2004-ல் 22 கிராமவாசிகள் நிர்வாக நீதிமன்றத்தில் வழக்குப் போட்டார்கள். அவர்கள் வழக்குப் போட்டது கழிவை விட்ட ஆலைமேல் அல்ல, தாமதம் செய்த இலாகாமேல். 2013 ஜனவரி 10-ல் உச்ச நிர்வாக நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தாமதமும் குற்றமே. இலாகா சுமார் 39 லட்சம் பாட் நஷ்டஈடு தர வேண்டும், ஓடையைச் சுத்தம் செய்ய வேண்டும். சுத்தம் தொடங்கவே அப்புறமும் சில வருஷம் பிடித்தது, அது வேறு துக்கம். ஆனால் 'பார்க்கலாம்' என்ற சொல்லுக்கு ஒரு விலை உண்டு என்று எழுத ஒரு கோர்ட் இருந்தது.

நம்மூர்? 1885-ல் டைசி என்ற ஆங்கிலப் பேராசிரியர், பிரான்ஸ் மாதிரித் தனிக் கோர்ட் எங்களுக்கு வேண்டாம் என்று பெருமையாக எழுதினார். நாம் அவர் வழி வந்தவர்கள், ஹைகோர்ட்டில் ரிட் போடுகிறோம். 1985-ல் மத்திய அரசு ஊழியருக்காக நிர்வாகத் தீர்ப்பாயம் வந்தது. பெஞ்சில் ஒரு நீதித்துறை உறுப்பினர், ஒரு நிர்வாக உறுப்பினர். ஃபைல் தெரிந்தவரும் சட்டம் தெரிந்தவரும் ஒரே பெஞ்சில்! கொஞ்சம் பாரிஸ் வாடை. 1997-ல் சுப்ரீம் கோர்ட், அதன் தீர்ப்புகளும் ஹைகோர்ட்டின் பார்வைக்கு உட்பட்டவை என்றது. அதுவும் சம்பளம், பிரமோஷன் மாதிரி சர்வீஸ் வழக்குகளுக்குத்தான். ரேஷன் கார்டுக்கு அலைபவருக்கு அந்தக் கதவு இல்லை.

இதையெல்லாம் நண்பரிடம் சொன்னேன். கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார்.

"அது சரி ஸார், உங்க எழுபத்தஞ்சு ரூபா வந்துதா?"

வந்தது. சூப்பிரண்ட் ரிடையரான பிறகு புதியவர் ரிஜிஸ்டரைப் புரட்டினார், பதிந்தார், ஐந்தே நிமிஷம். அரியர்ஸும் சேர்த்து.

"அப்புறம் என்ன?"

"புதியவர் என் பழைய மனுவையும் பார்த்தார். கீழே நிராகரிப்பு டிராஃப்ட். இரண்டிலும் ஒரே கையெழுத்து. என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, 'ஏம்பா, நீயே எழுதி நீயே தள்ளிட்டியா?'ன்னு கேட்டார். மேலே எத்தனையோ பேர் கண்ணில் பட்ட ஃபைல் அது. அந்தக் கையெழுத்தைக் கவனித்த முதல் ஆள் அவர்தான்."

நண்பர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு பேப்பரை எடுத்து, அந்த குரூப் போட்டோவை மறுபடி பார்த்தார்.

"போய்ட்டு வரட்டும் ஸார்" என்றார்.