சிரிக்க வைப்பது என்ன இளப்பமா?

போன வருஷம் அமெரிக்காவில் மகள் வீட்டில் மூன்று மாதம் இருந்தேன். ஒரு சாயங்காலம் பேத்தி ‘ஐ லவ் லூசி’ என்ற பழைய கறுப்பு வெள்ளைத் தொடரைப் போட்டாள். சாக்லெட் ஆலையில் வேலைக்குப் போன லூசியும் தோழி எத்தலும், பெல்ட்டில் ஓடிவரும் சாக்லெட்டுகளைத் தாளில் சுற்றி மாளாமல், வாயிலும் தொப்பியிலும் சட்டைக்குள்ளும் திணிப்பார்கள். 1952-இல் ஒளிபரப்பான காட்சி. பத்து வயதுப் பேத்தியும் எழுபத்திரண்டு வயது நானும் ஒரே இடத்தில் சிரித்தோம்.

ஊர் திரும்பியதும் காலை நடையில் நண்பர்களிடம் இதைச் சொன்னேன். ஒருவர், “கோணங்கித்தனம் பண்ணுவதெல்லாம் ஒரு நடிப்பா சார்? புருஷன் மூளைக்காரனாக இருந்திருப்பான், இவள் பிழைத்துக்கொண்டாள்” என்றார். அன்றைக்குப் பதில் வரவில்லை. இங்கே சொல்கிறேன்.

லூசியாக நடித்த லூசில் பால் 1911-இல் பிறந்தவர். பல வருஷம் சினிமாவில் இருந்தும் முதல் வரிசைக்கு வராதவர். தொடர் தொடங்கிய 1951 அக்டோபரில் அவருக்கு வயது நாற்பது. கையில் மூன்று மாதக் குழந்தை. நிஜக் கணவர் டெசி அர்னாஸ்தான் தொடரிலும் கணவர் என்று பிடிவாதமாக நின்றார். அர்னாஸ் கியூபாக்காரர், ஜனங்கள் ஏற்க மாட்டார்கள் என்று சி.பி.எஸ். தயங்கியது. இருவரும் ஊர் ஊராக மேடையில் சேர்ந்து நடித்துக் காட்டினார்கள்.

அடுத்த வருஷம் மறுபடி கர்ப்பம். அந்த வயிற்றோடே நடித்தார். ‘கர்ப்பம்’ என்ற சொல்லைக்கூடத் தொடரில் உச்சரிக்கக் கூடாது என்றிருந்த காலம் அது! 1953 ஜனவரி 19 அன்று ஆஸ்பத்திரியில் அவருக்குப் பிள்ளை பிறந்தது; அன்றிரவே தொடரில் லூசிக்கும் பிள்ளை பிறந்தது. பார்த்தவர்கள் சுமார் 4 கோடியே 40 லட்சம் பேர். மறுநாள் நடந்த ஐசனோவரின் பதவியேற்பைப் பார்த்தவர்கள் அதைவிடக் குறைவு.

அர்னாஸின் சாமர்த்தியத்தை நான் மறுக்கவில்லை. பார்வையாளர்களை உட்கார வைத்து மூன்று கேமராக்களில் ஃபிலிமில் எடுத்ததும், சம்பளத்தைக் குறைத்துக்கொண்டு படச்சுருளின் உரிமையைத் தங்கள் டெசிலு நிறுவனத்துக்கே வைத்துக்கொண்டதும் அவர் பங்கு. ஆனால் 1960-இல் விவாகரத்து ஆயிற்று. 1962-இல் அவர் பங்கை வாங்கி, நிறுவனத்தை லூசில் பாலே நடத்தினார். ‘ஸ்டார் டிரெக்’, ‘மிஷன் இம்பாசிபிள்’ இரண்டும் அவர் தலைமையில் டெசிலுவில் தயாரானவை. 1967-இல்தான் விற்றார். அந்த ஐந்து வருஷமும் யார் மூளை, நண்பரே?

கோணங்கித்தனமாம்! விழுவதையும் முழிப்பதையும் திரும்பத் திரும்ப ஒத்திகை பார்த்துவிட்டுத்தான் அவர் செட்டில் நிற்பார். அழுகிறவளை நடிகை என்கிறோம். சிரிக்க வைக்கிறவளைக் கோமாளி என்று தள்ளிவிடுகிறோம்.

இதைச் சொல்ல எனக்கே முழு யோக்கியதை கிடையாது. பள்ளி நாடகத்தில் என் மகளுக்கு ஒரு காமெடி வேஷம் கிடைத்தது. “பொம்பளைப் பிள்ளை நாலு பேர் முன்னால் கோணங்கி வேஷம் கட்டுவதா?” என்று நிறுத்திவிட்டேன். அவள் அழவில்லை. அதன் பிறகு மேடையும் ஏறவில்லை.

சாக்லெட் காட்சிக்கு அன்று வீட்டில் அதிகம் சிரித்தவள் அவள்தான். நான் பேத்தியின் பக்கம் திரும்பிக்கொண்டேன்.