'நான்' என்று சொல்லக்கூடாதவனுக்கு ஆத்ம ஞானமா?

தன்னைத் தான் அறிந்துகொண்டவனுக்கு இவ்வுலகில் வேறொன்றும் வேண்டியதில்லை என்று பேசாத பிரசங்கி நம் நாட்டில் ஒருவரும் இல்லை. முன்பெல்லாம் கோவில் மண்டபத்திலும் மடத்துத் திண்ணையிலும் பேசினார்கள். இப்போது கட்டணம் வசூலித்து வகுப்பு நடத்துகின்றார்கள். கைப்பேசி வழியாகவும் அனுப்பி வைக்கின்றார்கள். இதற்கு ஆத்ம ஞானம் என்றும், ஆத்ம விசாரம் என்றும், மெய்ஞ்ஞானம் என்றும் பல பெயர்கள். பெயர் எதுவாயினும், அதைக் கேட்டுவிட்டு வீடு திரும்பும் ஒரு கூலிக்காரனிடம், "அப்பா, உன்னைப்பற்றி இன்று புதிதாய் என்ன தெரிந்துகொண்டாய்?" என்று கேட்டால் அவன் விழிக்கின்றான். அவன் மேல் குற்றமில்லை. ஆகையால் இந்தச் சொற்களின் யோக்கியதையைச் சற்று விசாரிப்போம்.

ஆத்மா என்பது வடமொழியில் 'தான்', 'தன்னை' என்பதற்கு வழங்கும் சாதாரணச் சொல். ஆதியில் அதற்கு மூச்சு என்று பொருள் இருந்திருக்கும் என்று மொழி ஆராய்ச்சிக்காரர் பலர் கருதுகின்றார்கள். மூச்சு விடுகின்ற, பசிக்கின்ற, கூலிக்கு உழைக்கின்ற ஆசாமியைக் குறிக்க வேண்டிய இச்சொல்லைப் பசி அறியாதது, சாவு இல்லாதது என்று ஆக்கி, அவனை விட்டுப் பிரித்து எங்கேயோ கொண்டுபோய் வைத்துவிட்டார்கள். பிறகு 'தன்னை அறி' என்றால் என்ன அர்த்தம்? உன் வயிற்றை அறியாதே, உன் கூலியை அறியாதே, உன்னைக் கீழே வைத்தவன் யார் என்பதை மட்டும் ஒருக்காலும் அறியாதே என்பதைத் தவிர வேறு என்ன?

அகங்காரம் என்ற சொல்லையும் பாருங்கள். 'நான்' என்று எண்ணுவது என்பதே அதன் நேர்ப்பொருள். அதை ஒழித்தால்தான் மோட்சம் என்கின்றான் வேதாந்தி. வேதாந்தத்தில் ஓர் எழுத்தும் படிக்காத பண்ணையாரும் இச்சொல்லை நன்றாய்த் தெரிந்து வைத்திருக்கின்றார். சேரிப் பையன் செருப்புப் போட்டுக்கொண்டு தெருவில் நடந்தால், "பயலுக்கு அகங்காரத்தைப் பார்" என்கின்றார். பண்ணையார் காலில் கௌரவமாய் இருந்த செருப்பு, பையன் காலுக்கு வந்ததும் அகங்காரமாய் விடுகின்றது!

நிற்க. சங்கராச்சாரியார் பிறந்ததாகச் சொல்லப்படும் காலடி, பழைய திருவிதாங்கூர் சமஸ்தானத்தைச் சேர்ந்த ஊர். தானும் பிரம்மமும் ஒன்று என்று உணர்வதே ஞானம் என்று உபதேசித்தவர் அவர். அந்தத் திருவிதாங்கூரில் 19-ஆம் நூற்றாண்டில் புலையன் ஒருவன் மேல்சாதிக்காரன் எதிரில் 'ஞான்' என்று சொல்லக்கூடாது. 'அடியன்' என்றுதான் சொல்ல வேண்டும். தான் உண்ணும் சோற்றைச் சோறு என்று சொல்லக்கூடாது; அழுக்குக் கஞ்சி என்று பொருள்படும்படி 'கரிக்காடி' என்று சொல்ல வேண்டும். அக்காலத்தில் அங்கிருந்த சாமுவேல் மேட்டீர் போன்ற பாதிரிமார்கள் இதை எழுதி வைத்திருக்கின்றார்கள். 1855-இல் அங்கே அடிமை முறை சட்டப்படி ஒழிந்தது. நாக்கின் மேல் இருந்த அடிமைச் சங்கிலி ஒழியவில்லை. நானே பிரம்மம் என்பது கிடக்கட்டும். நான் என்று சொல்லவாவது விட்டார்களா? 'ஞான்' என்று சொன்னால் உதை கிடைக்கும் என்றிருந்தவனுக்கு ஞானம் ஒரு கேடா?

இது பிற்காலத்தார் செய்த கோளாறு, ஆச்சாரியார் என்ன செய்வார் என்று சில பண்டிதர்கள் சமாதானம் சொல்லுவார்கள். அவர் எழுதிய பிரம்ம சூத்திர பாஷ்யத்தில் முதல் அத்தியாயம், மூன்றாம் பாதம், 34 முதல் 38 வரையுள்ள சூத்திரங்களைப் புரட்டிப் பாருங்கள். வேதத்தைக் கொண்டு பிரம்மத்தை அறியச் சூத்திரனுக்கு அதிகாரமில்லை என்று அங்கே தீர்ப்பாகின்றது. வேதத்தைக் கேட்ட சூத்திரனுடைய காதில் ஈயத்தையும் அரக்கையும் ஊற்றச் சொல்லும் விதியை அவரே ஆதாரமாய் எடுத்துக் காட்டுகின்றார். அப்படியானால் விதுரனுக்கு எப்படி ஞானம் வந்தது என்றால், அது முன் ஜன்மத்துப் பலனாம்! மற்றவர்கள் இதிகாச புராணங்களைக் கேட்டுக்கொள்ளலாமாம்! இராமானுஜர் சங்கரரோடு போடாத சண்டையில்லை. ஆனால் இந்த இடத்துக்கு வந்தவுடன் இருவரும் ஒரே முடிவுக்கு வந்துவிடுகின்றார்கள். ஆத்மா ஒன்றா, பலவா என்பதில்தான் வழக்கு. சூத்திரனைக் கதவுக்கு வெளியே நிறுத்துவதில் வழக்கே இல்லை.

எல்லாம் பழங்கதை என்பீர்களானால், நேற்றைய கதைக்கு வருவோம். 1970-இல் தமிழ்நாட்டில் பரம்பரை அர்ச்சகர் முறையை ஒழித்துச் சட்டம் செய்தார்கள். எல்லா உயிரிலும் ஒரே ஆத்மா இருக்கின்றது என்று நம்புகின்றவர்கள் ஆனந்தக் கூத்தாடியிருக்க வேண்டாமா? அர்ச்சகர்கள் உச்ச நீதிமன்றத்துக்கு அல்லவா போனார்கள்! 1972-இல் சட்டம் செல்லும் என்று தீர்ப்பாகியும் ஆகமம் என்ற முட்டுக்கட்டை குறுக்கே நின்றது. பயிற்சி பெற்ற பல சாதியாரும் ஒருசேர அர்ச்சகராக நியமிக்கப்பட்டது 2021-இல்தான். அதற்கும் வழக்கு! நமக்குக் கருவறையிலும் நம்பிக்கையில்லை, உள்ளே இருக்கும் கல்லிலும் நம்பிக்கையில்லை. ஆனால் 'உன் ஆத்மா உள்ளே போகலாம், நீ போகாதே' என்று சொல்லும் பித்தலாட்டத்தைத்தான் கேட்கின்றோம்.

தன்னை அறிய வேண்டியதுதான். எப்படி அறிவது? 1901-இல் லாண்ட்ஸ்டைனர் என்ற வைத்திய விஞ்ஞானி மனித இரத்தத்தில் வகைகள் உண்டு என்று கண்டுபிடித்து வெளியிட்டார். சீக்கிரமே அவை நான்கு என்று ஆயிற்று. வருணமும் நான்கு, இரத்தமும் நான்கு என்று யாராவது பெருமைப்படப் போகின்றார்கள்! அக்கிரகாரத்திலும் அந்த நான்கு வகையும் உண்டு, சேரியிலும் அந்த நான்கும் உண்டு. சாகக் கிடக்கும் சாஸ்திரியின் உடம்பில் ஏற்றத் தகுந்தது தோட்டி மகனின் இரத்தமாய் இருக்கலாம். அவருடைய உடன்பிறந்தவன் இரத்தம் உதவாமலும் போகலாம். அவரவர் உடம்பைப்பற்றி இந்த ஒரு சொட்டுச் சொல்லும் சங்கதியை எந்த உபநிஷத்துச் சொல்லிற்று?

நாராயண குரு 1927-இல் களவங்கோடத்தில் சாமி இருக்க வேண்டிய இடத்தில் ஒரு நிலைக்கண்ணாடியை வைத்தார். வந்தவன் தன் முகத்தையே பார்த்துக்கொண்டு போகட்டும் என்ற அளவில் நமக்கும் சந்தோஷமே. அதைச் சுற்றி ஒரு கோவிலும் எதற்கு என்பதுதான் நம்முடைய குறை.

மனு தர்மத்தில் பெயர் வைக்கும் விதி இரண்டாம் அத்தியாயத்தில் இருக்கின்றது. பார்ப்பானுக்கு மங்களமான பெயர். சூத்திரனுக்கு இழிவைக் காட்டும் பெயர். பிறந்த சில நாளிலேயே குழந்தைக்கு, 'நீ இன்னான்' என்று தன்னறிவு புகட்டியாகின்றது! 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் கூடிய முதல் சுயமரியாதை மாகாண மாநாட்டில் சாதிப் பட்டங்களை விட்டுவிடத் தீர்மானித்தார்கள். பெயருக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டிருந்த வாலை அறுத்தவர்கள், அன்றுதான் தன் பெயர் எது என்பதைத் தெரிந்துகொண்டார்கள். அவர்கள் எந்த மூக்கையும் பிடித்துக்கொண்டு உட்காரவில்லை.

ஆகவே தோழர்களே, அடுத்த தடவை உங்கள் ஊரில் ஆத்ம ஞானப் பிரசங்கம் நடந்தால் தாராளமாய்ப் போங்கள். முடிந்ததும் எழுந்து நின்று, அடியேன் என்று ஆரம்பிக்காமல் நான் என்று ஆரம்பித்து, "உங்கள் ஆத்மாவும் என் ஆத்மாவும் ஒன்று என்கின்றீர்களே, உங்கள் வீட்டுப் பிள்ளையும் என் வீட்டுப் பிள்ளையும் கல்யாணம் செய்துகொள்ளச் சம்மதமா?" என்று கேளுங்கள். வருகின்ற பதிலை நமக்கு எழுதியனுப்பினால் இடம் ஒதுக்கிப் பிரசுரிக்கின்றோம்.