ஹெரால்டை ஷெட்டில் பூட்டச் சொல்பவர்களுக்கு

20 வருடம் தாண்டிய காரின் பதிவைப் புதுப்பிக்க இனி 10,000 ரூபாய் என்ற செய்தியை, குடும்பக் குழுவிலும் பழைய மாணவர் குழுவிலுமாகப் பதினோரு பேர் எனக்கு அனுப்பியிருக்கிறீர்கள். கூடவே ஆளுக்கொரு புத்திமதி. தங்கை மகன் எழுதுகிறான்: "பெரியம்மா, அந்தத் தகரத்தைத் தள்ளிட்டு ஒரு ஆட்டோமேட்டிக் வாங்குங்க." பழைய பத்தாம் வகுப்பு மாணவர் ஒருவர் எழுதுகிறார்: "டீச்சர், அது பொக்கிஷம். ரோட்டுல எடுக்காதீங்க. வின்டேஜ் பதிவு வாங்கி ஷெட்ல வையுங்க, ஞாயிற்றுக்கிழமை ராலிக்கு மட்டும் கொண்டு போங்க."

பார்த்தால் இரண்டும் எதிர்க்கட்சிகள் மாதிரித் தெரியும். கொஞ்சம் யோசித்தால் ஒரே கட்சிதான். இருவரும் கேட்பது ஒன்றே: இந்தக் கார் திங்கட்கிழமை காலையில் தெருவில் ஓடக் கூடாது. தனித்தனியாகப் பதில் அடிக்க என் விரலுக்குப் பொறுமை இல்லை. அதனால் எல்லோருக்கும் சேர்த்து இங்கே.

முதலில் கார் என்னவென்று தெரியாத மருமகள்களுக்காகவும் பேரப் பிள்ளைகளுக்காகவும்: அது 1965 மாடல் ஸ்டாண்டர்டு ஹெரால்டு. இரண்டே கதவு, 948 சி.சி. இன்ஜின். இங்கிலாந்தில் 1959இல் டிரையம்ப் ஹெரால்டு என்று வந்தது. 1961 முதல் நம்மூரில், பெருங்களத்தூர் பக்கம் இருந்த ஸ்டாண்டர்டு மோட்டார் தொழிற்சாலையில் செய்தார்கள். உடலை வரைந்தவர் ஜியோவன்னி மிக்கெலோட்டி என்ற இத்தாலியர். அதே மனிதர்தான் 1962இல் வந்த டிரையம்ப் ஸ்பிட்ஃபயர் என்ற ஸ்போர்ட்ஸ் காரையும் வரைந்தார். ஹெரால்டின் சேஸியைச் சுமார் எட்டரை அங்குலம் குறைத்து, இதே குடும்பத்து இன்ஜினைக் கொஞ்சம் பெரிதாக்கிப் போட்டார்கள், ஸ்பிட்ஃபயர் பிறந்தது. ஸ்டீயரிங், முன் சஸ்பென்ஷன், பின் அச்சின் அமைப்பு எல்லாம் அக்கா தங்கை. சோழவரம் ஓடுதளத்தில் பந்தயம் நடந்த காலத்தில் ஹெரால்டுகள் ஓடியதைப் பார்த்தவர்கள் உங்கள் தாத்தாக்களில் சிலர் இருப்பார்கள், கேட்டுப் பாருங்கள். ஆகவே "தகரம்" என்று எழுதிய தம்பி, நீ பேசுவது ஒரு ஸ்போர்ட்ஸ் காரின் அக்காவைப் பற்றி.

நான் இதை வாங்கியது 1991இல். கம்பெனி அதற்கு முன்பே உற்பத்தியை நிறுத்தியிருந்தது. ஸ்பேர் கிடைக்காது என்று ஊரே பயந்து விற்றதால்தான் ஓர் ஆசிரியையின் சம்பளத்துக்கு அது எட்டியது. அன்றிலிருந்து பள்ளி, சந்தை, வங்கி, ஆஸ்பத்திரி எல்லாம் அதில்தான். மழைநாளில் தள்ளி ஸ்டார்ட் செய்த கைகள் இந்தப் பதிவைப் படிக்கும் உங்களில் பலருடையவை. அதற்காக யாருக்கும் நான் மார்க் போடவில்லை என்பதையும் இங்கே பதிவு செய்கிறேன்.

இப்போது வழக்குக்கு வருவோம். ராலிக் கட்சியின் வாதத்தை முதலில் எடுக்கிறேன். ஏனென்றால் அது அன்பு வேஷம் போட்டு வருகிறது.

2021 ஜூலையில் மத்திய அரசு வின்டேஜ் வாகன விதி கொண்டு வந்தது. 50 வருடம் தாண்டிய வண்டிக்கு 20,000 ரூபாய் கட்டினால் 'வி.ஏ.' என்ற எழுத்துகளோடு தனி நம்பர் கிடைக்கும். பத்து வருடத்துக்குச் செல்லும். கேட்கப் பெருமையாகத்தான் இருக்கிறது. விதியை முழுக்கப் படித்தீர்களா? அப்படிப் பதிந்த வண்டியை அன்றாட உபயோகத்துக்கு ஓட்டக் கூடாது. கண்காட்சி, தொழில்நுட்ப ஆய்வு, வின்டேஜ் ராலி, பெட்ரோல் போட, பழுது பார்க்க, இதற்கு மட்டும்தான் ரோட்டில் ஏறலாம். பெட்ரோல் போடப் போகலாம்; போட்ட பெட்ரோலில் கத்தரிக்காய் வாங்கப் போகக் கூடாது! கார் என்ற வேலையை நிறுத்தினால்தான் காருக்கு மரியாதை என்கிறது விதி. ஓய்வு பெற்றவர்களுக்குச் சால்வை போர்த்தி மூலையில் உட்கார வைக்கும் நம் வழக்கம் எனக்கு நன்றாகத் தெரியும். அதை வண்டிக்கும் செய்யாதீர்கள்.

இங்கிலாந்தைப் பாருங்கள். 40 வருடம் தாண்டிய கார் அங்கே வரலாற்று வாகனம். சாலை வரி இல்லை. பெரிதாக மாற்றிக் கட்டாமல் இருந்தால் 2018 முதல் வருடாந்தரச் சோதனையும் கட்டாயமில்லை. அதை எடுத்துக்கொண்டு கடைக்குப் போனால் யாரும் ஏன் என்று கேட்பதில்லை. (சோதனையே வேண்டாம் என்பது எனக்குச் சம்மதமில்லை. அதைக் கீழே சொல்கிறேன்.) அங்கே வேலை பார்க்கும் நம் பள்ளி மாணவன் ஒருவன் பழைய ஸ்பிட்ஃபயர் ஒன்றை வாங்கி வாரத்தில் நாலு நாள் அலுவலகத்துக்கு ஓட்டுகிறான். எனக்கு வேண்டிய சாமான்களும் அவன் வரும்போதுதான் வருகின்றன. ஸ்பிட்ஃபயருக்கும் ஹெரால்டுக்கும் பொதுவான பாகங்களை அங்கே இன்றும் புதிதாகச் செய்து விற்கிறார்கள். "ஸ்பேர் கிடைக்காது" என்று 1991இல் சொன்னவர்கள் இன்னும் அதையே சொல்கிறார்கள். அவர்களில் பாதிப்பேரின் 2009 மாடல் காருக்குத்தான் இன்று ஹெட்லைட் கிடைக்கவில்லை.

பூட்டி வைத்தால் வண்டி பத்திரமாக இருக்கும் என்பது இந்தக் கட்சியின் பெரிய மூடநம்பிக்கை. இப்போது பங்கில் வருவது 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். ஓடாத வண்டியின் டேங்கில் அந்த ஈரம் சேர்ந்து சேர்ந்து ஒரு கட்டத்தில் தண்ணீரும் எத்தனாலும் பெட்ரோலை விட்டுப் பிரிந்து அடியில் தங்கும். டேங்க் துருப்பிடிக்கும், கார்புரேட்டர் அடைக்கும். தினமும் ஓடும் வண்டியில் பெட்ரோல் பழசாக நேரமே இல்லை. பழைய ரப்பர் குழாய்களை எத்தனால் கெடுக்கும், அது உண்மை. நான் குழாய்களையும் பெட்ரோல் பம்பின் டயாஃப்ரத்தையும் அதைத் தாங்கும் வகைக்கு மாற்றிவிட்டேன். அரைநாள் வேலை. 2000இல் ஈயம் கலந்த பெட்ரோலை நிறுத்தியபோதும் "இனி உங்க கார் அவ்வளவுதான்" என்றார்கள். ஈயம்தான் அந்தக் கால வால்வு இருக்கைகள் தேயாமல் காத்தது. ஹெட்டை இறக்கிக் கடினமான இருக்கை வளையம் போட்டோம், தீர்ந்தது. அதற்காக, 20 சதவீதம் தவிர வேறு மலிவான பெட்ரோலே பங்கில் கிடைக்காமல் செய்ததை நான் மன்னித்துவிட்டேன் என்று நினைக்க வேண்டாம். உச்சநீதிமன்றம் 2025இல் அந்த வழக்கைத் தள்ளிவிட்டது. நான் தள்ளவில்லை.

இன்னொன்றும் இருக்கிறது. இந்தக் காரின் முன் சக்கரத்தைத் தாங்கும் தூணின் அடியில் ட்ரன்னியன் என்று ஒரு பித்தளைத் துண்டு. அதற்குக் கிரீஸ் போடக் கூடாது, கியர் ஆயில்தான் விட வேண்டும். ஒரு பட்டறையில் நான் சொல்லச் சொல்லக் கிரீஸை அடித்து அனுப்பினார்கள். எண்ணெய் இல்லாமல் அந்த மரை காய்ந்து துருவேறினால் ஒரு நாள் சக்கரமே மடங்கிப் படுத்துவிடும். தினமும் ஓட்டுகிறவளுக்கு ஸ்டீயரிங் இறுகுவது இரண்டாம் நாளே கையில் தெரிந்துவிடும். வருடத்துக்கு நாலு முறை ராலிக்கு எடுப்பவருக்கு எப்படித் தெரியும்?

சரி, ஆட்டோமேட்டிக் கட்சி. "பிராக்டிகலா யோசிங்க பெரியம்மா" என்கிறான். யோசிப்போம். நான் இருப்பது தாம்பரம் பக்கத்தில் ஒரு தெரு. ஒரு பக்கம் கழிவுநீர் மூடி, மறுபக்கம் மெட்டல் கொட்டியிருக்கும். ஹெரால்டின் அகலம் ஐந்தடி. அது முழு வட்டம் திரும்ப 25 அடி போதும். முன் சக்கரங்கள் கிட்டத்தட்டக் குறுக்காகவே நிற்கும் அளவுக்கு ஒடியும். தம்பி போன பொங்கலுக்குக் கொண்டு வந்த புது வண்டி, கேமரா, சென்சார், ஊளையிடும் எச்சரிக்கை எல்லாம் இருந்தும் எங்கள் தெருவில் திரும்ப முடியாமல் மெயின் ரோடு வரை ரிவர்ஸிலேயே போனது. யார் பிராக்டிகல்? பானெட்டைத் திறந்தால் முன்பக்கம் முழுவதுமே முன்னால் கவிழ்ந்து, இன்ஜினும் இரண்டு சக்கரமும் வெளியே நிற்கும். டயரில் உட்கார்ந்துகொண்டே பிளக் மாற்றலாம். 13 அங்குல டயர் சாதாரணக் கடையில் கிடைக்கிறது. லிட்டருக்குப் பன்னிரண்டு கிலோமீட்டர் தருகிறது. நான் ஓட்டுவது நாளைக்கு எட்டோ பத்தோ கிலோமீட்டர்.

குறைகளை மறைக்க மாட்டேன். ஏ.சி. இல்லை. மே மாதம் மதியத்தில் அது கார் இல்லை, இட்லிக் குண்டான். நாலு சக்கரத்திலும் டிரம் பிரேக், ஏர்பேக் இல்லை. பெல்ட் நானே போட்டுக்கொண்டது. முதல் கியர் வண்டி முழுதாக நின்றால்தான் விழும். பின்னால் இருப்பது ஊசலாடும் அச்சு. வளைவில் வேகமாகப் போய்ப் பயந்து திடீரென்று ஆக்சிலேட்டரை விட்டால் பின் சக்கரம் உள்ளே மடிந்து வண்டி சுழலப் பார்க்கும். ஆகவே வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைக்க வேண்டும். அதனால் அறுபதுக்கு மேல் போவதில்லை, பைபாஸில் ஏறுவதில்லை, கைக்குழந்தையை ஏற்றுவதில்லை. திருச்சிக்குப் போக ரயில் இருக்கிறது. ஒரு வண்டி எல்லா வேலையையும் செய்ய வேண்டும் என்று யார் சொன்னது?

புகை விஷயத்தில்தான் எதிர்க்கட்சிக்குக் கொஞ்சம் நியாயம் உண்டு. கிலோமீட்டருக்குக் கிலோமீட்டர் பார்த்தால் இன்றைய பி.எஸ்.6 காரைவிட என் ஹெரால்டு அதிக அழுக்கை விடும். கேட்டலிட்டிக் கன்வர்ட்டர் கிடையாது. ஆனால் கணக்கை முழுதாகப் போடுங்கள். ஒரு புதுக் காரைச் செய்வதிலேயே பல டன் கரிவாயு போய்விடுகிறது. நாளைக்குப் பத்து கிலோமீட்டர் ஓட்டும் ஒருத்திக்காக அதைச் செய்ய வேண்டுமா? நான் கேட்பது விலக்கு அல்ல. சோதியுங்கள். சைலன்ஸரில் குழாயை விடுங்கள், பிரேக்கைப் பாருங்கள், சேஸியைத் தட்டிப் பாருங்கள், தவறினால் ஃபெயில் போடுங்கள். முப்பத்து மூன்று வருடம் விடைத்தாள் திருத்தியிருக்கிறேன். பிறந்த தேதியைப் பார்த்து யாருக்கும் மார்க் போட்டதில்லை. புதுப்பிக்கும் கட்டணம் ஒரு காலத்தில் 600 ரூபாய். 2022 ஏப்ரலில் 5,000 ஆனது. 2025 ஆகஸ்டில் 20 வருடம் தாண்டியவற்றுக்கு 10,000. நன்றாக வைத்திருப்பவளுக்கும் நாசமாக வைத்திருப்பவனுக்கும் ஒரே தொகை. இது சோதனை இல்லை, வயசுக்கு அபராதம். டெல்லியில் 2025 ஜூலையில் பழைய வண்டிக்குப் பெட்ரோலே கிடையாது என்றார்கள். கூச்சல் கிளம்பியதும் சில நாளில் நிறுத்தி வைத்தார்கள். அங்கேயும் அளந்தது புகையை அல்ல, வருடத்தை.

அந்தப் பத்தாயிரத்தைக் கட்டப் போகிறேன். முணுமுணுத்துக்கொண்டே கட்டுவேன், ஆனால் கட்டுவேன். ஐந்து வருடத்துக்குப் பத்தாயிரம் என்றால் மாதம் 170 ரூபாய்கூட ஆகவில்லை. தங்கை மகன் சொல்லும் வண்டிக்கு மாதத் தவணை எவ்வளவு என்று அவனே குழுவில் எழுதட்டும். வி.ஏ. நம்பர் வேண்டாம். பழைய நம்பரே இருக்கட்டும், சந்தைக்காரருக்கு அதுதான் அடையாளம்.

இனி புத்திமதி அனுப்புபவர்கள் கூடவே ஓர் உதவியும் செய்யுங்கள். உங்களில் சிலரின் அப்பாக்கள் பெருங்களத்தூர் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர்கள். பரணில் பழைய ஹெரால்டு ஒர்க்‌ஷாப் கையேடு, பாகங்களின் பட்டியல் ஏதாவது கிடக்கிறதா என்று பாருங்கள். என்னிடம் இருப்பதில் கியர்பாக்ஸ் பக்கங்களைக் கரையான் தின்றுவிட்டது. இடது கதவின் கண்ணாடி ரப்பரும் வேண்டும். ஐப்பசி மழைக்குள் கிடைத்தால் நல்லது.