கர்மமா? கிருமியா?

1986-இல் சென்னை டாக்டர்களின் முயற்சியால் இந்நாட்டின் முதல் எச்.ஐ.வி. தொற்று கண்டறியப்பட்டது. அதைக் கர்மபலன் என்று பேசுகின்றவர்களை நாம் கேட்கின்றோம்: தாயிடமிருந்து கிருமி தொற்றிய சிசு செய்த கர்மம் என்ன?

உண்மையில் நடப்பதென்ன? கிருமி, சி.டி.4 அணுக்களை வருஷக்கணக்காய் அழிக்கின்றது. ஒரு கனமில்லிமீட்டர் இரத்தத்தில் அவை 200-க்குக் கீழே இறங்கினால், வேலியற்ற கொல்லையில் மாடு புகுவதுபோல் நுரையீரல் காய்ச்சலும் மூளைச்சவ்வுக் காய்ச்சலும் புகுகின்றன. காசநோயோ அதற்கு முன்பே வரக்கூடும்.

2004 முதல் சர்க்கார் ஆஸ்பத்திரிகளில் மருந்து இலவசம். தினம் தவறாது உண்டால் கிருமி அடங்கும். அப்படியிருந்தும் சிலர் குற்றுயிராய் வந்து சேருவானேன்? கர்மமென்ற பேச்சுக்கு வெட்கி ஒளிந்ததும் ஒரு காரணமன்றோ! ஆகவே தோழர்களே, பரிகாரத்தை விட்டு இரத்தத்தைச் சோதியுங்கள், நோயாளியை ஒதுக்காதீர்கள். கொல்வது கிருமி மட்டுமல்ல, அந்தப் பேச்சுந்தான்.