நாற்காலியும் ஆயுளும்

"நோயற்ற வாழ்வே குறைவற்ற செல்வம்" என்று நம்முடைய பெரியவர்கள் சொல்லி வைத்தார்கள். நல்ல எண்ணத்தோடுதான் சொல்லியிருப்பார்கள். ஆனால், இன்று அந்தப் பழமொழியை யார் யாரிடம் சொல்லுகிறார்கள் என்று பார்க்கும்போது எனக்குக் கோபம் வருகிறது. குறைவற்ற செல்வம் உடையவர்கள், அது இல்லாதவர்களைப் பார்த்து, "உடம்பைக் கவனித்துக் கொள், அதுவே உனக்குச் செல்வம்" என்று புத்தி சொல்வதற்கு அது பயன்பட்டு வருகிறது. பழமொழியைத் திருப்பிப் போட்டுப் படித்தால்தான் உலக நடப்பு விளங்கும் போலிருக்கிறது: குறைவற்ற செல்வமே நோயற்ற வாழ்வு.

இந்தக் கோபம் எனக்குப் புத்தகம் படித்து வந்ததல்ல. நான் குடியிருக்கும் அடுக்குமாடிக் கட்டடத்தின் சங்கக் கூட்டத்தில் வந்தது. கூட்டத்தின் முற்பகுதியில் ஒரு டாக்டர் வந்து ஆரோக்கியத்தைப் பற்றிப் பேசினார். தினம் முக்கால் மணி நேரம் நடக்க வேண்டும் என்றார். எட்டு மணி நேரம் தூங்க வேண்டும் என்றார். காய்கறியும் பழமும் நிறையச் சாப்பிட வேண்டும், கவலையைக் கிட்டே சேர்க்கக் கூடாது என்றார். "ஆரோக்கியம் அவரவர் கையில்" என்று அழகாக முடித்தார். எல்லோரும் கை தட்டினோம்.

பிறகு காப்பி வந்தது. காப்பிக்குப் பிறகு சங்கத்து அலுவல்கள். மூன்றாவது விஷயமாக, இரவு நேர வாட்ச்மேன் நாற்காலியில் உட்கார்ந்தபடியே கண்ணயர்ந்து விடுகிறார் என்ற புகார் வந்தது. நாற்காலி இருப்பதால்தானே தூங்குகிறார், அதை எடுத்து விடலாமே என்று ஒருவர் யோசனை சொன்னார். தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. ஏகமனது என்றால் அதில் என் மனதும் சேர்த்திதான். என் கையும் உயர்ந்துதான் இருந்தது.

எட்டு மணி நேரத் தூக்கத்துக்காக நாங்கள் தட்டிய கையோசை அந்த அறையை விட்டு வெளியே போயிருக்காது. அதற்குள் ஒரு மனிதர் உட்காருவதற்கு இருந்த நாற்காலியை அதே கைகளால் பிடுங்கி விட்டோம்.

மறுநாள் இரவு கேட்டருகே அவர் நின்று கொண்டிருந்தார். ஐம்பத்தெட்டு வயது. இரவில் இங்கே பன்னிரண்டு மணி நேரம். பகலில் வேறொரு கடையில் சாமான் இறக்கும் வேலை. நாற்காலியைப் பற்றி நான் பேசவில்லை, அவரும் பேசவில்லை. "குட் நைட் சார்" என்றார். எனக்குத்தான் அந்த இரவு தூக்கம் வரவில்லை.

ஆரோக்கியம் அவரவர் கையில் இருக்கிறதா? இருக்கிறது என்று சொல்லுகிறவர்கள் லண்டன் மாநகரத்து ஒயிட்ஹால் வீதியின் கதையைக் கேட்க வேண்டும். பிரிட்டிஷ் சர்க்காரின் காரியாலயங்கள் இருக்கும் வீதி அது. 1967-ஆம் ஆண்டு தொடங்கி, அந்தக் காரியாலயங்களில் வேலை பார்த்த சுமார் 18,000 ஆண்களை வைத்தியர்கள் பரிசோதித்து, அவர்கள் என்ன நோயால் எப்போது இறக்கிறார்கள் என்று வருஷக் கணக்கில் குறித்து வந்தார்கள். இவர்களில் பிச்சைக்காரன் கிடையாது. சுரங்கத்தில் புழுதி தின்றவன் கிடையாது. அத்தனை பேருக்கும் மாதச் சம்பளம் உண்டு. நிரந்தர உத்தியோகம் உண்டு. 1948-லிருந்து அந்த நாட்டில் வைத்தியத்துக்குக் காசு வாங்குவதில்லை என்பதால், டாக்டரும் எல்லோருக்கும் ஒரே டாக்டர்தான்.

பெரிய அதிகாரிகளுக்குத்தான் பொறுப்பு அதிகம், ஆகவே மாரடைப்பும் அவர்களுக்குத்தான் அதிகம் வரும் என்பது அன்று ஊரெல்லாம் இருந்த நம்பிக்கை. மைக்கேல் மார்மட் என்ற அறிஞரும் அவருடைய சகாக்களும் கணக்கைக் கூட்டிப் பார்த்தபோது நேர்மாறாக இருந்தது. கடைசிப் படியில் இருந்த சேவகர்களும் வாயில் காப்போரும், மேல் படியில் இருந்த அதிகாரிகளைப் போல மூன்று மடங்கு விகிதத்தில் இறந்து கொண்டிருந்தார்கள்.

"அவர்கள் சிகரெட் பிடித்திருப்பார்கள்" என்று உடனே நீங்கள் சொல்வீர்கள். ஆமாம், அதிகம் பிடித்தார்கள். ஆனால் புகையே தொடாத சேவகனும், புகையே தொடாத அதிகாரியைவிட அதிகமாக இருதய நோய்க்குப் பலியானான். புகை, இரத்த அழுத்தம், கொழுப்பு எல்லாவற்றையும் கணக்கிலிருந்து கழித்த பிறகும் வித்தியாசத்தின் பெரும்பகுதி அப்படியே நின்றது. 1985-ல் பெண்களையும் சேர்த்து, 10,308 பேரை வைத்து இரண்டாவது முறை ஆராயத் தொடங்கினார்கள். தன் வேலையைத் தன் இஷ்டப்படி நடத்திக்கொள்ளும் சுதந்திரம் யாருக்குக் குறைவோ அவர்களுக்கு இருதய நோய் அதிகம் என்று அதில் தெரிய வந்தது.

நடுத்தர வர்க்கத்து வாசகர்கள் இதை ஏழைகளின் கதை என்று எண்ணிப் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். ஒயிட்ஹாலில் கண்ட வித்தியாசம் மேலே ஒரு கூட்டம், கீழே ஒரு கூட்டம் என்று இரண்டாகப் பிரிந்து நிற்கவில்லை. ஏணிப் படிகளைப் போல இறங்கிக்கொண்டே வந்தது. முதல் படியைவிட இரண்டாவது படியில் மரணம் கூடுதல். இரண்டாவதைவிட மூன்றாவதில் கூடுதல். சூபரின்டெண்டுக்கு ஓர் ஆயுள், குமாஸ்தாவுக்கு ஓர் ஆயுள். நீங்களும் நானும் அந்த ஏணியில்தான் எங்கோ ஒரு படியில் நின்றுகொண்டு, கீழ்ப் படியில் நிற்பவனுக்கு ஆரோக்கிய உபதேசம் செய்து கொண்டிருக்கிறோம்.

ஏணியின் உயரம் கூடினால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவைப் பார்க்கலாம். வைத்தியத்துக்கு உலகத்தில் வேறெந்த நாட்டையும்விட அதிகமாகப் பணம் செலவழிக்கிற நாடு அது. அங்கே வருமான வரிக் கணக்கையும் மரணக் கணக்கையும் ஒன்றாக வைத்துப் பார்த்த ஓர் ஆராய்ச்சி 2016-ல் வெளிவந்தது. நூற்றுக்கு ஒருவராக உச்சியில் இருக்கும் பணக்கார ஆண்கள், நூற்றுக்கு ஒருவராக அடியில் கிடக்கும் ஏழை ஆண்களைவிட 14.6 வருஷம் அதிகமாக வாழ்கிறார்கள். பெண்களில் இந்த வித்தியாசம் 10.1 வருஷம். 2001-லிருந்து 2014-க்குள், மேலே இருந்த நூற்றுக்கு ஐந்து ஆண்களின் ஆயுள் இரண்டு வருஷத்துக்கு மேல் கூடியது. கீழே இருந்த நூற்றுக்கு ஐந்து ஆண்களுக்கு முழுசாக நாலு மாதம்கூடக் கூடவில்லை. பணம் மேலே போகும்போது ஆயுளும் கூடவே மேலே போகிறது.

இங்கே கெட்டிக்கார நண்பர் ஒருவர் குறுக்கிடுவார். "ஏழையாக இருப்பதால் நோய் வருகிறது என்கிறீரே, நோயாளியாக இருப்பதால் ஏழையாகியிருக்கக் கூடாதா?" என்பார். நியாயமான கேள்வி. நோயால் சம்பாத்தியம் போய் நொடித்துப் போன குடும்பங்களை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். இன்னொரு நண்பர், "நல்ல மருந்து கொடுத்தால் போதாதா? வறுமையை ஒழிக்கும் வரையில் வைத்தியம் காத்திருக்க வேண்டுமா?" என்பார். அதுவும் நியாயம்தான். இரண்டுக்கும் க்ஷயரோகத்தின் சரித்திரத்திலேயே பதில் இருக்கிறது.

இரண்டாவது நண்பருக்கு வேண்டிய சாட்சி நம்முடைய சென்னையிலேயே உண்டு. 1956-ல் இங்கே க்ஷயரோக மருந்து ஆராய்ச்சி நிலையம் ஒன்று ஏற்பட்டது. நோயாளிகளில் ஒரு பகுதியினரை ஆரோக்கிய நிலையத்தில் படுக்க வைத்து, நல்ல சாப்பாடும் ஓய்வும் கொடுத்தார்கள். மற்றொரு பகுதியினரை நெருக்கடியான அவர்கள் வீடுகளிலேயே விட்டு, அதே மருந்துகளைக் கொடுத்தார்கள். ஒரு வருஷம் கழித்துப் பார்த்தால், குணமானதில் இரு சாராருக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. 1959-ல் இது வெளிவந்தபோது, உலகமே க்ஷயரோக வைத்தியத்தைப் பற்றிய தன் எண்ணத்தை மாற்றிக்கொண்டது. ஆகவே மருந்தின் பெருமையை நான் மறுக்கவில்லை. விழுந்தவனை மருந்து தூக்கி நிறுத்தும். அவன் ஏன் விழுந்தான், நாளைக்கு அவன் வீட்டில் இன்னொருவர் ஏன் விழப் போகிறார் என்ற கேள்விக்கு மாத்திரையில் பதில் இல்லை.

அந்தப் பதில் 2023-ல் ஜார்க்கண்டிலிருந்து கிடைத்தது. அங்கே 2,800 க்ஷயரோகிகளின் வீட்டார் 10,345 பேரை எடுத்துக் கொண்டார்கள். நோயாளிகள் அனைவருக்கும் மருந்தும் உணவும் உண்டு. ஆனால் வீட்டார் விஷயத்தில், சீட்டுக் குலுக்கிப் போடுவது போலப் பிரித்து, ஒரு பகுதிக் குடும்பங்களுக்கு மட்டும் மாதந்தோறும் தானியம் கொடுத்தார்கள். பெரியவர் ஒருவருக்கு ஐந்து கிலோ அரிசி, ஒன்றரைக் கிலோ பருப்பு, கூடவே சத்து மாத்திரை. இவ்வளவுதான். அப்படிக் கொடுத்த வீடுகளில் புதிதாக க்ஷயம் வருவது சுமார் 40 சதவீதம் குறைந்து போயிற்று!

முதல் நண்பர் இதைக் கவனிக்க வேண்டும். சீட்டுக் குலுக்கல் என்பதால், யார் நோயாளி, யார் சோம்பேறி, யார் கெட்ட பழக்கக்காரர் என்ற பேச்சுக்கே இடமில்லை. இரு தரப்பிலும் ஒரே மாதிரி மனிதர்கள், ஒரே மாதிரிக் குடிசைகள், ஒரே கிருமி. வித்தியாசம் பானையில்தான். காற்றில் பரவும் நோய்க்கு ரேஷன் அரிசி தடுப்பு மருந்தாக வேலை செய்திருக்கிறது. அந்த ஜனங்களிடம் போய் "ஆரோக்கியம் உங்கள் கையில்" என்று சொல்வதானால், முதலில் அந்தக் கையில் ஒன்றரைக் கிலோ பருப்பையாவது வைத்துவிட்டுச் சொல்ல வேண்டும்.

தனி மனிதனுக்குப் பொறுப்பே கிடையாதா என்று கேட்பீர்கள். உண்டு. நடக்க முடிந்தவன் நடக்கட்டும். புகைப்பவன் அதை விடட்டும். நானும் காலையில் நடக்கிறேன். ஆனால் டாக்டர் சொன்ன யோசனைகளுக்கு ஒவ்வொன்றாக விலை போட்டுப் பாருங்கள். முக்கால் மணி நேர நடைக்கு முக்கால் மணி நேர ஓய்வு வேண்டும். எட்டு மணி நேரத் தூக்கத்துக்கு ஒரே வேலையில் குடும்பம் நடக்கிற சம்பளம் வேண்டும். பழத்துக்குப் பழத்தின் விலை வேண்டும். கவலையற்ற மனதுக்கு, அடுத்த மாதமும் இந்த வேலை இருக்கும் என்ற நிச்சயம் வேண்டும். இவற்றை வாங்க வசதியுள்ளவனுக்குப் புத்திமதி மருந்தாகிறது. வசதியில்லாதவனுக்கு அது வசவாகிறது. உன் நோய்க்கு நீயே காரணம் என்று சொல்லி, அவனுக்குக் கொடுக்க வேண்டியதைக் கொடுக்காமல் தப்பித்துக்கொள்ள நாம் கண்டுபிடித்த சாமர்த்தியமான வசவு!

துணிக்கடைகளில் காலையிலிருந்து இரவு வரை நின்றுகொண்டே புடவைகளை விரித்துக் காட்டும் பெண்களைப் பார்த்திருப்பீர்கள். அவர்கள் காலில் நரம்பு சுருண்டு கிடப்பதற்கும் அவர்களுடைய பழக்கவழக்கத்துக்கும் என்ன சம்பந்தம்? கேரளத்தில் அத்தகைய பெண்கள் உட்காரும் உரிமை கேட்டுப் போராடினார்கள்; 2018-ல் அங்கே சட்டம் திருத்தப்பட்டது. 2021-ல் தமிழ்நாட்டிலும், கடை ஊழியர்கள் உட்கார இருக்கை தர வேண்டும் என்று சட்டம் வந்தது. எத்தனையோ ஆஸ்பத்திரித் திறப்பு விழாக்களைவிட அந்தச் சட்டத்தை நான் பெரிய வைத்தியமாக மதிக்கிறேன். ஒரு மனிதரை உட்கார விடுவதற்கு ஒரு சட்டம் வேண்டியிருந்தது என்பதை நினைத்து வெட்கப்படவும் செய்கிறேன்.

வெட்கப்படுவதோடு நிறுத்திக்கொள்ள எனக்கு உரிமை இல்லை. இரவு வேலை செய்பவர்களுக்கு நீரிழிவும் இருதய நோயும் கூடுதலாக வருகின்றன என்பது வைத்தியர்கள் அறிந்த உண்மை. எங்கள் கட்டடத்து ஐம்பத்தெட்டு வயது மனிதர் இரவும் பகலும் உழைக்கிறார். ஏனென்றால், நாங்கள் தருகிற சம்பளத்தில் ஒரு வேலையோடு அவரால் வாழ முடியாது. அவர் ஆயுளில் ஒரு பகுதி எங்கள் பராமரிப்புக் கட்டணத்தின் சிக்கனமாகக் கணக்குப் புத்தகத்தில் ஏறியிருக்கிறது.

அடுத்த மாதக் கூட்டத்துக்கு நான் இரண்டு தீர்மானங்கள் எழுதிக் கொடுத்திருக்கிறேன். ஒன்று, நாற்காலியைத் திருப்பித் தருவது. மற்றொன்று, பன்னிரண்டு மணி நேர வேலையை எட்டு மணி நேரமாக்கி, சம்பளத்தைக் குறைக்காமல், மூன்றாவது ஆள் ஒருவரை நியமிப்பது. இதனால் வீட்டுக்கு வீடு மாதக் கட்டணம் கூடும். முதல் தீர்மானம் நிறைவேறிவிடும், நாற்காலிக்குச் செலவில்லை. இரண்டாவதற்கு எத்தனை கைகள் உயரும் என்று பார்க்க வேண்டும். ஆரோக்கியம் யார் கையில் இருக்கிறது என்பது அன்று தெரிந்துவிடும்.